லிஸ் ஸ்மித்: 50 வயசுல நடிக்க வந்து 87 வரைக்கும் நடிச்ச பிரிட்டிஷ் டிவி பாட்டி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லிஸ் ஸ்மித் யாருங்க? பேரு கேட்ட மாதிரியே இல்லையே?

பேரு தெரியாட்டியும் மூஞ்சி தெரிஞ்சிருக்க சான்ஸ் இருக்கு. 2005ல ஜானி டெப் நடிச்சு வந்த சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி படத்துல ஒரே கட்டில்ல நாலு தாத்தா பாட்டிங்க படுத்திருப்பாங்கல்ல, அதுல சம்பந்தா சம்பந்தமில்லாம எதையாவது சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டு இருக்குற ஜார்ஜினா பாட்டி, அது இவங்க தான். அப்ப இவங்களுக்கு 83 வயசு. ஆனா இங்கிலாந்துல இவங்கள வீட்டுக்கு வீடு தெரியவெச்சது அந்தப் படம் இல்ல, பிபிசி காமெடி சீரியல் ரெண்டு: த விகார் ஆஃப் டிப்லி, அப்புறம் த ராயில் ஃபேமிலி. ரெண்டுலயும் கிழவி ரோல். ரெண்டுலயும் செத்துப் போவாங்க. ரெண்டு சாவும் ஊரே உக்காந்து பார்த்த சாவு.

இந்தப் பக்கம் எழுத காரணம் என்னன்னா, இவங்க பத்தி எங்க பேச்சு வந்தாலும் "50 வயசுல அதிர்ஷ்டம் கதவ தட்டுச்சு"ங்கற ஒரே கதையத் தான் திருப்பித் திருப்பி சொல்றாங்க, அதுக்கு முன்னாடி 20 வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு யாரும் சொல்றதில்ல. எனக்கு அந்த 20 வருஷம் தான் மேட்டரே.

நியூயார்க்ல கிசுகிசு எழுதுன லிஸ் ஸ்மித்தா?

இல்லங்க. அவங்க அமெரிக்கா பத்திரிகைக்காரங்க, 2017ல இறந்தாங்க. இவங்க நடிகை, 2016ல இறந்தாங்க. கிட்டத்தட்ட ஒரே வயசு, ஒரே பேரு, அதனால கூகுள்ல தேடுனா ரெண்டு பேர் போட்டோவும் கலந்து வரும், பார்த்துக்கோங்க.

உண்மையான பேரு, சொந்த ஊரு?

பெட்டி கிளீடில். 1921 டிசம்பர் 11ல ஸ்கந்தார்ப்ல பிறந்தாங்க. இங்கிலாந்துல லிங்கன்ஷர் பக்கம் இருக்குற ஊரு, ஸ்டீல் ஆலைங்க நிறைஞ்ச இடம், லண்டன்ல இருந்து பார்த்தா நாடகம், சினிமான்னு எதுக்குமே சம்பந்தமில்லாத ஊரு. பின்னாடி சுயசரிதை எழுதுனப்ப கூட தலைப்புல அந்தப் பழைய பெட்டிங்கற பேரத் தான் வெச்சாங்க.

சின்ன வயசு கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்றாங்களே?

ஆமா, நல்ல கஷ்டம். 2 வயசுல அம்மா பிரசவத்துல போயிட்டாங்க. 7 வயசுல அப்பாவும் போயிட்டார், சாகல, விட்டுட்டுப் போயிட்டார். மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டார், புது மனைவி பழைய உறவெல்லாம் அறுத்துட்டு வான்னு சொன்னாங்களாம், அவரும் அறுத்துட்டார். அதுக்கப்புறம் பாட்டி தான் எல்லாமே, பாட்டி வீட்டுல பாட்டி கைல வளர்ந்த புள்ள.

இத நான் ஏன் இழுத்து சொல்றேன்னா, இந்த அம்மா பின்னாடி 40 வருஷம் பாட்டியா நடிச்சப்ப அந்த ரோல்கள்ல ஒரு நுணுக்கம் இருக்கும். கால் மேல போர்வைய இழுத்து விடுறது, மத்தவங்க தட்டுல என்ன இருக்குன்னு ஓரக்கண்ணுல பாக்குறது, காது கேக்கலன்னு சொல்லிட்டு வேண்டியத மட்டும் கேட்டுக்கறது. இதெல்லாம் ஆக்டிங் கிளாஸ்ல சொல்லித் தர்ற சமாச்சாரமா எனக்குத் தோணல.

நடிப்பு ஆசை எப்ப வந்துச்சு? 50ல தானா?

இல்லவே இல்ல, இங்க தான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறாங்க. 9 வயசுலேயே ஊர்ல போடுற நாடகங்கள்ல மேடை ஏறியாச்சு. அப்பவே என்ன வேஷம் தெரியுமா? பெரும்பாலும் கிழவி வேஷம் தான்! 9 வயசுல போட்ட வேஷத்த 80 வயசுல மேக்கப் இல்லாம போட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. ஆசை சின்ன வயசுல இருந்தே இருந்துச்சு, வாய்ப்பும் காசும் ஆளும் தான் இல்ல.

போர் சமயத்துல இந்தியாவுக்கு வந்தாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை தான். இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் கடற்படையோட பெண்கள் பிரிவுல சேர்ந்தாங்க, ரென்ஸ்னு கூப்பிடுவாங்க. அந்த வேலையில தான் இந்தியா வந்தாங்க, இங்க தான் வருங்கால கணவர சந்திச்சாங்க. 1945ல கல்யாணம், ஒரு பொண்ணு ஒரு பையன். பின்னாடி விவாகரத்து ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு புள்ளைங்களையும் தனியா வளர்த்தாங்க.

அப்ப 50 வயசு வரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?

கிடைச்ச வேலையெல்லாம். பிளாஸ்டிக் பை செய்யுற ஃபேக்டரில வேலை, போஸ்ட் கொண்டு போய் குடுக்குற வேலை, கடைல சேல்ஸ் வேலை. சம்மர்ல பட்லின்ஸ் ஹாலிடே கேம்ப்ல ஷோ பண்றது. பட்லின்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: அந்தக் காலத்துல இங்கிலாந்து தொழிலாளி குடும்பங்க லீவுக்கு கடற்கரை பக்கம் போய் தங்குற பெரிய கேம்ப், காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஆட்டம் பாட்டம் நாடகம்னு ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கும். அங்க வர்ற கூட்டம் காசு குடுத்து தியேட்டருக்கு வர்ற கூட்டம் மாதிரி கையக் கட்டிட்டு உக்காராது, போரடிச்சா எந்திரிச்சு போயிடும், அவங்கள உக்கார வெச்சு சிரிக்க வெச்சவங்களுக்கு டைமிங் பத்தி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல.

இதுக்கு நடுவுல தான் மெயின் சமாச்சாரம். லண்டன்ல சார்லஸ் மாரோவிட்ஸ்னு ஒரு அமெரிக்கா இயக்குநர் இருந்தார், பரிசோதனை நாடகம் பண்றவர், மெத்தட் ஆக்டிங் (கேரக்டராவே மனசளவுல மாறி நடிக்கறது), இம்ப்ரொவைசேஷன் (ஸ்கிரிப்ட் இல்லாம அப்பவே தோணுறத நடிக்கறது) இதெல்லாம் லண்டன்ல பெருசா யாரும் பண்ணாத காலத்துல ஒரு சின்ன குரூப் வெச்சு பயிற்சி குடுத்துக்கிட்டு இருந்தார். லிஸ் அந்த குரூப்ல சேர்ந்தாங்க. பகல்ல வேலை, வீட்டுல ரெண்டு புள்ளைங்க, ராத்திரி போய் ஸ்கிரிப்ட் இல்லாம ஒரு ஆளா மாறி நடிக்கப் பழகுறது. வருஷக்கணக்கா. சம்பளம் கிடையாது, புகழ் கிடையாது, ஒருநாள் இதுல இருந்து ஏதாவது வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. அக்கம்பக்கத்துல "இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இது"ன்னு நாலு பேர் பேசியிருக்க மாட்டாங்களா என்ன. 1950கள், 60கள்ல விவாகரத்தான பொம்பள, ரெண்டு புள்ளைங்களோட, ராத்திரி நாடகப் பயிற்சிக்கு போறாங்கன்னா இங்கிலாந்தா இருந்தா மட்டும் ஊர் வாய மூடிட்டு இருக்குமா.

பொம்மைக்கடை கதை நிஜமா?

நிஜம். 1970 வாக்குல, லண்டன் ரீஜன்ட் ஸ்ட்ரீட்ல இருக்குற ஹேம்லீஸ் கடைல பொம்மை வித்துக்கிட்டு இருந்தாங்க. ரொம்பப் பழைய கடை, 1760ல ஆரம்பிச்சது, 2019ல ரிலையன்ஸ் வாங்கிடுச்சு, நம்ம ஊர் மால்லயும் அந்த பேரப் பார்த்திருப்பீங்க. அங்க வேலை பாக்கும்போது தான் மைக் லீன்னு ஒரு இளம் டைரக்டர்கிட்ட இருந்து அழைப்பு வந்துச்சு. முதல் படம் எடுக்கப் போறார், நடுத்தர வயசு பொம்பள வேணும், ஆனா ஒரு கண்டிஷன், இம்ப்ரொவைசேஷன் தெரிஞ்சிருக்கணும்.

இப்ப நீங்களே யோசிங்க, 1970 இங்கிலாந்துல நடுத்தர வயசு நடிகைங்க எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க, எல்லாம் நாடகப் பள்ளில படிச்சு, வசனத்த மனப்பாடம் பண்ணி, நின்னு நிதானமா பேசப் பழகுனவங்க. ஸ்கிரிப்ட்டே இல்லாம நடின்னு சொன்னா திருதிருன்னு முழிப்பாங்க. அதப் பழகுன, அதே சமயம் நிஜமாவே தொழிலாளி வர்க்க அம்மா மாதிரி இருக்குற ஆளு எத்தனை பேர் இருப்பாங்க? அதிர்ஷ்டம் இல்லன்னு சொல்ல வரல. போன் வந்தது அதிர்ஷ்டம் தான். ஆனா வந்த போனுக்கு "ஆமா, எனக்கு அது தெரியும்"னு பதில் சொல்ல முடிஞ்சது அதிர்ஷ்டம் இல்ல.

மைக் லீ அப்படி என்ன வித்தியாசமா படம் எடுப்பார்?

அவர்கிட்ட எழுதி முடிச்ச வசனம் இருக்காது. ஆரம்பத்துல நடிகர்களோட உக்காந்து ஒவ்வொரு கேரக்டரும் யாரு, எங்க பிறந்தாங்க, என்ன வேலை, எதுக்கு கோவம் வரும்னு வாரக்கணக்கா பேசிப் பேசி உருவாக்குவார். அப்புறம் அந்த கேரக்டராவே ரெண்டு மூணு பேர ஒரு ரூம்ல விட்டு என்ன நடக்குதுன்னு பாப்பார். அதுல வர்றத செதுக்கி செதுக்கி சீனா மாத்துவார். படம் பாக்கும்போது அங்கயே தோணுனத பேசுற மாதிரி இருக்கும், ஆனா கேமரா ஓடும்போது எல்லாம் முடிவாயிருக்கும். இந்த முறையில நடிகரும் பாதி எழுத்தாளர் தான். வாழ்க்கையில நாலு இடத்துல அடிபட்டு நாலு விதமான மனுஷங்கள கூட இருந்து பார்த்தவங்களுக்கு இதுல சரக்கு நிறைய இருக்கும், 22 வயசு புள்ளைக்கு அவ்வளவு இருக்காது.

முதல் படம் பிளீக் மொமன்ட்ஸ், 1971. லண்டன் புறநகர்ல தனிமையில வாழுற ஒரு பொண்ணப் பத்தின கதை, ரொம்ப மெதுவான, சங்கடமான படம். லிஸ் அதுல ஹீரோயினோட ஆபீஸ் தோழிக்கு அம்மாவா வருவாங்க. சின்ன ரோல் தான். ஆனா அடுத்தது சின்ன ரோல் இல்ல.

ஹார்ட் லேபர் பத்தி சொல்லுங்க, அது அவ்வளவு முக்கியமா?

என்னக் கேட்டா இவங்க பண்ணதுலேயே பெருசு அது தான், காமெடி ரசிகர்கள் அடிக்க வந்தாலும் பரவாயில்ல. 1973ல பிபிசியோட ப்ளே ஃபார் டுடே வரிசையில வந்துச்சு. அந்த வரிசைன்னா 1970ல இருந்து 1984 வரைக்கும் ஓடுன, வாராவாரம் டிவில ஒரு தனி நாடகம் இல்லன்னா படம் மாதிரி. மைக் லீ தான் டைரக்டர், அவரோட சொந்த ஊர்ப் பக்கமான சால்ஃபோர்ட்ல நடக்குற கதை.

லிஸ் தான் ஹீரோயின், மிசஸ் தார்ன்லி. பணக்கார வீடுகள்ல கிளீனிங் வேலை பாக்குற பொம்பள. அங்க வேலை முடிச்சுட்டு வீட்டுக்கு வந்தா இங்கயும் அதே வேலை, சமைக்கணும், தொடைக்கணும், புருஷன் முதுகுக்கு மருந்து தேய்ச்சு விடணும். அந்த தேய்க்கிற சீன் இருக்கே, அதுல வசனமே கிடையாதுன்னு சொல்லலாம், அவர் உக்காந்து அதட்டிக்கிட்டே இருப்பார், இவங்க மூஞ்சில எதுவுமே இருக்காது. கோவம் கூட இருக்காது. அந்த வெறுமைய பாக்க முடியாது. படம் முழுக்க இவங்க பேசுறது கொஞ்சம் தான், பேச எடம் குடுக்காத வாழ்க்கைய பேசாமலே காட்டிட்டாங்க. கடைசில சர்ச்ல பாவமன்னிப்பு கேக்கப் போறப்ப தான் மனசுல இருக்கறது கொஞ்சமா வெளிய வரும், கேக்குற பாதிரியாருக்கோ அதுல பெரிய ஈடுபாடு இருக்காது.

அப்ப லிஸ்ஸுக்கு 51 வயசு. ஃபேக்டரியும் கடையும் விட்டு வந்து ரெண்டு மூணு வருஷம் தான் ஆகியிருக்கும். இந்தப் படத்துல பென் கிங்ஸ்லி ஒரு சின்ன ரோல்ல டாக்ஸி டிரைவரா வருவார், காந்தியா நடிக்கறதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, தேடிப் பாருங்க.

அதுக்கப்புறம் உடனே ஸ்டார் ஆயிட்டாங்களா?

இல்ல, உழைக்கிற நடிகை ஆனாங்க, அது வேற. 1970கள் முழுக்க டிவில சின்ன சின்ன ரோல், போலீஸ் சீரியல்ல ஒரு எபிசோடு, காமெடில ரெண்டு சீன். 1975ல இருந்து 1979 வரைக்கும் ஐ டிட்ண்ட் நோ யூ கேர்டுன்னு யார்க்‌ஷர்ல நடக்குற காமெடில மிசஸ் பிராண்டனா ரெகுலரா வந்தாங்க. 1981ல மெரில் ஸ்ட்ரீப் நடிச்ச த ஃப்ரெஞ்ச் லெப்டினன்ட்ஸ் உமன்ல வீட்டு வேலைகளப் பாத்துக்கற மிசஸ் ஃபேர்லியா வருவாங்க.

பாஃப்டா (பிரிட்டனோட பெரிய சினிமா, டிவி விருது) எதுக்கு கிடைச்சது?

1984ல வந்த எ பிரைவேட் ஃபங்ஷன். ஆலன் பென்னட் எழுதுன படம், தயாரிச்சது பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனோட கம்பெனி. கதை 1947ல நடக்குது. போர் முடிஞ்சும் ரேஷன் முடியல, கறி அளந்து அளந்து தான் கிடைக்குது. இளவரசி எலிசபெத் கல்யாணத்த ஒட்டி ஊர்ப் பெரிய மனுஷங்க விருந்து வெக்க திருட்டுத்தனமா ஒரு பன்னி வளர்க்கறாங்க, அந்தப் பன்னிய கால் வைத்தியம் பாக்குற ஒருத்தர் (மைக்கேல் பேலின்) கடத்திட்டு வந்துடறார், அவர் பொண்டாட்டி மேகி ஸ்மித், அந்தஸ்து அந்தஸ்துன்னு உயிர விடுறவ. அவளோட அம்மா தான் நம்ம லிஸ்.

எப்பப் பாரு சாப்பாட்டு நெனப்பாவே இருக்குற கிழவி, தன்ன எங்கயாவது கொண்டு போய் விட்டுடுவாங்களோன்னு பயம் வேற. வீட்டுக்குள்ள பன்னி வந்ததும் அந்தக் கிழவிக்கு எது பன்னி வாசனை எது தன் வாசனைன்னே குழப்பம். கேவலமான காமெடி ஆகிப்போயிருக்க வேண்டியது, ஆகல. பசியும் பயமும் நிஜமா இருக்கு, அதனால சிரிச்ச அடுத்த செகண்ட் நமக்கே குத்துது. அதுல வர்ற பன்னியோட பேரும் பெட்டி தான், லிஸ்ஸோட பழைய பேரு. இத வெச்சு அவங்கள எத்தன பேர் கிண்டல் பண்ணாங்களோ.

அந்த வருஷ பாஃப்டால சிறந்த துணை நடிகை லிஸ், சிறந்த நடிகை மேகி ஸ்மித், சிறந்த துணை நடிகர் டென்ஹோம் எலியட், மூணும் ஒரே படத்துக்கு. லிஸ்ஸுக்கு 63.

மேகி ஸ்மித்துக்கு சொந்தமா?

இல்ல. ஸ்மித்ங்கறது இங்கிலாந்துல தெருவுக்கு நாலு பேர் வெச்சிருக்குற பேரு. மேகி ஸ்மித் இவங்கள விட 13 வயசு தான் சின்னவங்க, ஆனா அம்மாவும் பொண்ணுமா நடிச்சாங்க, நம்பவும் முடிஞ்சது.

விகார் ஆஃப் டிப்லில வர்ற கேக் பாட்டி இவங்க தானே?

இவங்களே தான், லெட்டிஷியா கிராப்லி. சீரியல் 1994 நவம்பர்ல ஆரம்பிச்சது. அந்த வருஷம் தான் இங்கிலாந்து திருச்சபைல முதல் முதலா பெண்கள் பாதிரியார் ஆனாங்க, அத வெச்சு ரிச்சர்ட் கர்ட்டிஸ் ஒரு கிராமத்துக்கு பெண் பாதிரியார் (டான் ஃப்ரெஞ்ச்) வந்தா எப்படி இருக்கும்னு எழுதுனார். லெட்டிஷியா ஊர்க் கமிட்டில இருக்குற பாட்டி, பூ அலங்காரம் பண்றவங்க, அன்பா கேக்கு சுட்டுக் கொண்டு வந்து குடுக்குறவங்க. பிரச்சனை என்னன்னா அந்தக் கேக்குல மார்மைட் இருக்கும். மார்மைட்னா ஈஸ்ட்ல செய்யுற கரகரன்னு உப்புக் கரிக்குற ஒரு பேஸ்ட், அத பிரெட்ல தடவித் திங்கிறதுக்கே ஒரு மனசு வேணும். வாயில போட்டவங்க மூஞ்சி போற போக்கும், அத கவனிக்காம இந்த அம்மா பெருமையா அடுத்தது நீட்டுறதும் தான் காமெடி. லிஸ் இதுல ஒரு இடத்துலயும் "பாருங்க நான் காமெடி பண்றேன்"னு காட்ட மாட்டாங்க. அந்தக் கேக்கு நல்லா இருக்குன்னு முழுசா நம்புற ஒரு மூஞ்சி.

1996 ஈஸ்டர் ஸ்பெஷல் எபிசோடுல லெட்டிஷியா இறந்துடுவாங்க. சாகறதுக்கு முன்னாடி, இத்தன வருஷமா ராத்திரில ஊர்ல முயல் வேஷம் போட்டு புள்ளைங்களுக்கு ஈஸ்டர் முட்டை வெச்சது நான் தான், இனிமே நீ பண்ணுன்னு பாதிரியார்கிட்ட ரகசியமா கேட்டுக்குவாங்க. அன்னிக்கு ராத்திரி பார்த்தா கமிட்டில இருக்குற மத்தவங்களும் தனித்தனியா முயல் வேஷத்துல வந்து நிப்பாங்க, கிழவி எல்லார்கிட்டயும் அதே சத்தியத்த வாங்கியிருக்கு. கில்லாடி.

ராயில் ஃபேமிலின்னா அரண்மனை கதையா?

இல்ல, நேர் எதிர். மான்செஸ்டர்ல ஒரு சாதாரண குடும்பம், ராயில்ங்கறது வீட்டுப் பேரு. அப்பா ஜிம் (ரிக்கி டாம்லின்சன்) சோஃபாவ விட்டு எந்திரிக்க மாட்டார், அம்மா பார்பரா (சூ ஜான்ஸ்டன்), பொண்ணு டெனிஸ் (கரோலின் அஹெர்ன்), மாப்பிள்ளை டேவ் (கிரேக் கேஷ்), பையன் ஆண்டனி (ரால்ஃப் லிட்டில்), இவன் தான் எல்லாருக்கும் டீ போடணும். எபிசோடு முழுக்க ஒரே ஹால்ல உக்காந்து டிவி பார்த்துக்கிட்டே பேசுவாங்க. அவ்வளவு தான் கதை. 1998ல ஆரம்பிச்சப்ப சிட்காம்னா (டிவி காமெடி சீரியல்) ஆடியன்ஸ் உக்காந்து சிரிக்கிற சத்தம் இருக்கணும்னு ஒரு எழுதாத சட்டம், அஹெர்ன் அதெல்லாம் வேணாம்னு அடம் பிடிச்சு ஃபிலிம்ல, சிரிப்பு சத்தமே இல்லாம எடுத்தாங்க. அதனால நம்ம பக்கத்துல உக்காந்து கேக்குற மாதிரியே இருக்கும்.

லிஸ் தான் பார்பராவோட அம்மா நார்மா, எல்லாரும் கூப்பிடுறது "நானா"ன்னு, இங்கிலீஷ்ல பாட்டின்னு அர்த்தம். தனி ஃப்ளாட்ல இருப்பாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் ராயில் வீட்டுக்கு வந்தா கிளம்புற பேச்சே இருக்காது. ஜிம்முக்கு மாமியார கண்டாலே ஆகாது, வாய்க்கு வந்தபடி பேசுவார், இவங்க காதுல விழாத மாதிரி ஒரு சாக்லேட் எடுத்து வாயில போட்டுக்குவாங்க. பக்கத்து ஃப்ளாட்ல இருந்த தோழி எல்சி செத்துப் போனப்ப துக்கம் ஒரு பக்கம், எல்சி வீட்டு சாமான்ல எது எது தனக்கு வரும்ங்கற கணக்கு இன்னொரு பக்கம், ரெண்டும் ஒரே மூச்சுல ஓடும். இது தான் லிஸ்ஸோட கெட்டிக்காரத்தனம். மத்தவங்க பண்ணியிருந்தா ஒண்ணு பாவமான பாட்டி ஆக்கியிருப்பாங்க, இல்ல சூழ்ச்சிக்காரி ஆக்கியிருப்பாங்க. இவங்க பண்ண நானா சுயநலம் பிடிச்சவங்க, சோம்பேறி, வாய் ருசி, அடுத்தவங்க விஷயம்னா காது நீளும், ஆனாலும் அந்த வீட்டுல அவங்க இல்லாம ஒரு ஞாயித்துக்கிழமைய யோசிக்க முடியாது. நம்ம வீட்டுல இருந்த பெரியவங்கள நெனச்சா அப்படித் தானே இருந்தாங்க, செத்தப்புறம் தான் நாம தெய்வம் ஆக்குறோம்.

க்வீன் ஆஃப் ஷீபா எபிசோடு பார்த்து அழாதவங்க இல்லன்னு சொல்றாங்களே?

2006 அக்டோபர் ஸ்பெஷல். சீரியல் 2000லேயே முடிஞ்சிருந்துச்சு, ஆறு வருஷம் கழிச்சு எல்லாரும் திரும்பி வந்து ஒரு எபிசோடு. நானா படுத்த படுக்கை. கட்டில் ராயில் வீட்டுக்குள்ளேயே வந்தாச்சு. பார்பரா தான் குளிப்பாட்டி, தலை சீவி, எல்லாம் பாத்துக்கணும். அம்மாவுக்கு பொண்ணு தலை சீவி விடுற சீன் ஒண்ணு இருக்கு, பெருசா ஒண்ணும் பேசிக்க மாட்டாங்க, பழைய கதை கொஞ்சம், அழகா இருக்கியேம்மாங்கற மாதிரி கொஞ்சம். சூ ஜான்ஸ்டனும் லிஸ்ஸும் அத நடிப்புன்னே தெரியாம பண்ணியிருப்பாங்க. இவ்வளவு நாள் மாமியார திட்டித் தீர்த்த ஜிம் கடைசில உடைஞ்சு போறது இன்னொரு அடி.

காமெடி எபிசோடுங்க இது, நடு நடுவுல வயிறு வலிக்க சிரிப்பும் வரும். 84 வயசு நடிகை ஒருத்தங்க சாவுப் படுக்கைல படுத்து நடிக்கறாங்க, அதுலயும் கடைசி வரைக்கும் நானாவோட அந்த குறும்ப விடல, திடீர்னு புனிதமா மாறல. இந்த எபிசோடுக்கு பாஃப்டா கிடைச்சது, லிஸ்ஸுக்கும் தனியா பிரிட்டிஷ் காமெடி அவார்ட்ல சிறந்த நடிகை விருது வந்துச்சு. இத எழுதுன கரோலின் அஹெர்ன் 2016 ஜூலைல 52 வயசுல புற்றுநோய்ல போயிட்டாங்க. அதே வருஷக் கடைசில லிஸ்ஸும்.

வாழ்க்கை முழுக்க பாட்டி ரோலே பண்ணா அது டைப்காஸ்ட் இல்லையா?

பேப்பர்ல பார்த்தா ஆமா. ஆனா மிசஸ் தார்ன்லியும் லெட்டிஷியாவும் நானாவும் ஒரே ஆளு மாதிரியா இருக்காங்க? ஒருத்தி வாயே தொறக்க மாட்டா, ஒருத்தி ஊருக்கே கேக்கு ஊட்டுவா, ஒருத்தி எந்திரிக்கவே மாட்டா. டூ பாயின்ட் ஃபோர் சில்ட்ரன்னு 90கள் காமெடில அம்மாவாவும் அந்த அம்மாவோட சகோதரியாவும் ரெண்டு ரோல் பண்ணாங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் காட்டணும்ல. பிரச்சனை நடிகைகிட்ட இல்ல, எழுதுறவங்க பாதிப் பேர் கிழவின்னா ஒரே மாதிரின்னு எழுதறாங்க. அந்த மாதிரி வந்த பத்து வரி ரோலுக்கும் இவங்க ஒரு ஆளக் கொண்டு வந்துடுவாங்க.

வேற என்ன படமெல்லாம் இருக்கு?

பீட்டர் கிரீனவே எடுத்த த குக், த தீஃப், ஹிஸ் வைஃப் அண்ட் ஹெர் லவர் (1989), இது குடும்பத்தோட பாக்குற படம் இல்ல, சொல்லிட்டேன். மைக் லீயோட சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ் (1996)ல ஒரு நிமிஷம் பூனையோட வருவாங்க. வாலஸ் அண்ட் குரோமிட் முயல் படத்துல (2005) மிசஸ் மல்ச்சுக்கு குரல். அதே 2005ல போலன்ஸ்கியோட ஆலிவர் ட்விஸ்ட். 83 வயசுல ஒரே வருஷத்துல மூணு பெரிய படம்.

இப்படி லேட்டா வந்தவங்க வேற யாராவது?

அதே சாக்லேட் ஃபேக்டரி கட்டில்லயே ஒருத்தங்க இருக்காங்க! ஜோசஃபின் பாட்டியா வர்ற ஐலீன் எசல். நாடகம் சொல்லிக் குடுக்குற டீச்சரா காலத்த ஓட்டிட்டு, கிட்டத்தட்ட 80ல தான் சினிமாவுல தெரிய ஆரம்பிச்சாங்க. அவங்களோட ஒப்பிட்டா லிஸ் சீக்கிரமே வந்துட்டாங்கன்னு சொல்லணும்.

எப்ப ரிட்டயர் ஆனாங்க? எப்படி இறந்தாங்க?

கடைசியா பெருசா பண்ணது லார்க் ரைஸ் டு கேண்டில்ஃபோர்ட், 2008ல பிபிசில வந்த கிராமத்துக் கதை, அதுல தபாலாபீஸ் வீட்டுல வேலை பாக்குற ஜில்லாங்கற வயசான பொம்பள. 2009ல தொடர்ச்சியா ஸ்ட்ரோக் வந்துச்சு, அதோட 87 வயசுல நடிப்ப நிறுத்திக்கிட்டாங்க. அதே 2009ல பிரிட்டிஷ் அரசு கௌரவமா குடுக்குற எம்பிஇ பட்டமும் குடுத்தாங்க. குட்டிக் கதைகளா எழுதி ஒரு புக்கும் போட்டாங்க. 2016 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், 95 வயசுல காலமானாங்க. மறுநாளே பாடகர் ஜார்ஜ் மைக்கேல் இறந்த செய்தி வந்துடுச்சு, அந்த சத்தத்துல இது நிறைய பேருக்கு தெரியாமலே போயிடுச்சு.

எதுல இருந்து பாக்க ஆரம்பிக்கலாம்?

டிப்லி முதல் சீசன்ல இருந்து ஆரம்பிங்க, ஈஸியா இருக்கும், இங்கிலீஷும் புரியும். அப்புறம் எ பிரைவேட் ஃபங்ஷன். ராயில் ஃபேமிலிக்கு சப்டைட்டில் போட்டுக்கோங்க, மான்செஸ்டர் இங்கிலீஷ் முதல் ரெண்டு எபிசோடு ஒண்ணுமே புரியாது, மூணாவதுல இருந்து காது பழகிடும். க்வீன் ஆஃப் ஷீபாவ நேரா போய் பாக்காதீங்க, முன்னாடி மூணு சீசனும் பார்த்துட்டு தான் பாக்கணும், இல்லன்னா அந்த ஜிம் அழறது ஏன்னே புரியாது. ஹார்ட் லேபர் கடைசில, தனியா இருக்கும்போது, 70 நிமிஷம் சொச்சம் தான். சாப்பிட்டுக்கிட்டே பாக்க வேண்டியது எதுன்னு கேட்டா டிப்லிய மட்டும் சொல்ல மாட்டேன்.